வரவேற்பறைத் திரை ஏன் தானாகப் பூட்டிக்கொள்கிறது

போன மாதம், புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளிடம் நாலு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள் என்று விடுதியிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். வந்து உட்கார்ந்து காப்பியில் ஒரு வாய் குடிப்பதற்குள் உங்களில் ஒரு பெண் ஆரம்பித்துவிட்டாள். "ஏனுங்கக்கா, நீங்க வெச்சுட்டுப் போன அந்த ஆட்டோ லாக்கை ரிசப்ஷனுக்கு மட்டுமாவது எடுத்துரலாமுங்களா? நொம்ப உசுர வாங்குதுங்க." எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அங்கேயே ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். ஆனால் இது கீழே போகிற பஸ்ஸுக்கு நேரமாகும்போது அவசரத்தில் சொல்கிற விஷயம் இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் கோபக்காரி என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். உண்மைதான். இந்த விடுதியின் கம்ப்யூட்டர் வேலைகளை ஒண்டி ஆளாகப் பார்த்துக்கொண்டு, ஓய்வு பெறும் வரை எல்லோரிடமும் மல்லுக்கட்டியவள். முதுகுக்குப் பின்னால் எனக்குப் 'பூட்டக்கா' என்று பேர். சில தைரியசாலிகள் முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்கள். அதற்கெல்லாம் நான் வருத்தப்படவில்லை. இந்த வேலையில் எனக்குக் கிடைத்த மனிதர்களை நினைத்தால் இப்போதும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. கோபக்காரிக்கு இவ்வளவு நல்ல மனிதர்கள் வாய்த்தது பெரிய கொடுப்பினை.

அப்போது நம் ரிசப்ஷன் எப்படி இருந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போது என்றால் ராஜா காலம் இல்லை, சில வருடங்களுக்கு முன்புதான். ஏற்காட்டில் விடுதி நடத்துவதென்றால் டாக்ஸிக்காரர்கள் இல்லாமல் ஆகாது. யார் எந்த அறையில் தங்கியிருக்கிறார்கள், எப்போது மலையிறங்குகிறார்கள் என்று தெரிந்தால்தான் அவர்களுக்குச் சவாரி. அதனால் ஒரு பழக்கம் ஊறிப்போயிருந்தது. வண்டியை நிறுத்திவிட்டு நேராக உள்ளே வருவார்கள். கவுண்டர் ஓரத்து மடக்குப் பலகையைத் தூக்கிவிட்டு இந்தப் பக்கம் வந்து, மவுஸைப் பிடித்து, இன்றைக்கு யார் யார் கிளம்புகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு போவார்கள். ரிசப்ஷனில் ஆள் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. மிளகும் தேனும் விற்கிறவர் பெங்களூர்க்காரர்கள் எந்தெந்த அறையில் இருக்கிறார்கள் என்று பார்ப்பார். கைடுகள் பார்ப்பார்கள். ஒருமுறை வாழைத்தார் கொண்டுவந்து போட்ட பெரியவர்கூடக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னங்க பார்க்கிறீர்கள் என்றேன். "சும்மாதானுங்க. அல்லாரும் பாக்கறாங்களே, என்னதான் இருக்குதுனு பாத்தேன்" என்றார்.

யாருக்கும் இதில் கெட்ட எண்ணம் கிடையாது. திரையை மூடி வைத்தால்தான் தப்பாக எடுத்துக்கொள்வார்கள். "எங்க மேல நம்பிக்கை இல்லீங்களா?" என்று முகம் சுண்டிப்போகும். மலையில் ஒருவர் முகம் சுண்டினால் அடுத்த நாள் பத்துப் பேர் விசாரிக்க வருவார்கள்.

அறை பிடிப்பதெல்லாம் போனில், இணையத்தில் என்று ஆன பிறகு அந்தத் திரையில் என்னவெல்லாம் சேர்ந்துகொண்டது என்று யாரும் யோசிக்கவில்லை. தங்க வருகிறவரின் வீட்டு விலாசம், போன் நம்பர், அடையாள அட்டையின் படம், கூட வந்தவர் யார், எத்தனை நாள் இருக்கிறார்கள், எல்லாம் அதில்தான். ஆடிட்டுக்கு வந்தவர்கள் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். எல்லாக் கம்ப்யூட்டரும் இரண்டு நிமிடம் கை படாமல் இருந்தால் தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டும், விதிவிலக்கே கிடையாது என்று முதலாளி கையெழுத்துப் போட்டார். அமல்படுத்துவது என் தலையில் விழுந்தது. கையெழுத்துப் போட ஒருவர், திட்டு வாங்க ஒருவர். கம்பெனி என்றால் அப்படித்தான்.

கணக்குப் பிரிவில் முணுமுணுத்தார்கள். சமையலறை ஸ்டோரிலிருந்து எனக்கு ஆறிப்போன காப்பி வர ஆரம்பித்தது. ரிசப்ஷனில்தான் நேரடிச் சண்டை. அங்கே மாதேஸ்வரி இருந்தாள். தலைச்சோலைப் பெண். விடியற்காலையில் கிளம்பிப் பஸ் பிடித்து வந்து, எட்டு மணிக்கெல்லாம் தலைநிறையப் பூவோடு கவுண்டரில் நிற்பாள். துடுக்கு வாய், ஆனால் கை சுத்தம், மனசும் சுத்தம். "அக்கா, நான் ஒரு சாவி எடுக்கத் திரும்பறதுக்குள்ள இது கதவைச் சாத்திக்குது. மாமியார் ஊட்டுல கூட இவ்வளவு கெடுபிடி இல்லீங்க" என்பாள். கல்யாணமே ஆகாதவள்.

ஒருநாள் சென்னையிலிருந்து வந்த ஒரு பெரிய மனிதர் குடும்பத்தோடு கவுண்டரில் நிற்க, மாதேஸ்வரி விறைத்துப்போன விரல்களால் கடவுச்சொல்லைத் தப்பு தப்பாக அடித்து, கடைசியில் கம்ப்யூட்டர் அவளை உள்ளேயே விடமாட்டேன் என்று நின்றுவிட்டது. அந்த மனிதர் முதலாளிக்கே போன் போட்டுவிட்டார். முதலாளி எங்கள் மேனேஜருக்குப் போட்டார். ரிசப்ஷனுக்கு மட்டும் எடுத்துவிடச் சொன்னார்.

இந்த மேனேஜரை உங்களுக்குத் தெரியாது. நீங்கள் வருவதற்கு முன்பே ஊருக்குப் போய்விட்டார். பேரைப் போட்டால் அவருக்குப் பிடிக்காது, அதனால் போடவில்லை. சேலத்திலிருந்து வந்தவர். வருடம் முழுக்கக் குரங்குக் குல்லாய் போட்டிருப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. எனக்கும் சேர்த்து அவரே அமைதியாக இருந்துவிட்டார். முதலாளியிடம் அவர் போனில் சொன்னது இவ்வளவுதான்: "எடுக்கறது பெரிய வேலை இல்லீங்க. எனக்குக் கொஞ்சம் டைம் குடுங்க, வேற வழி இருக்குதானு பாத்துட்டுச் சொல்றனுங்க." போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் முறைத்தேன்.

அந்த மார்கழியில்தான் மின்விசிறியைப் பார்த்தேன்.

ஏரிப் பக்கமிருந்து பனி படியேறி உள்ளே வருகிற நேரம். எனக்குப் பல் கிடுகிடுக்கிறது. ரிசப்ஷன் மேஜை மேல் ஒரு டேபிள் ஃபேன் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக்கொண்டு ஓடுகிறது. பக்கத்தில் மாதேஸ்வரி, ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர், அதன் மேல் சால்வை.

"ஏண்டி, என்னடி இது?"

"புழுக்கமா இருக்குதுங்கக்கா" என்றாள், மூக்கு ஒழுக.

ஏற்காட்டில் மார்கழி மாதம் புழுக்கம்! கிட்டே போய்ப் பார்த்தேன். ஃபேனின் கம்பி வலையிலிருந்து பூக்கட்டுகிற நூல் ஒன்று இறங்கி வந்து மவுஸில் முடிந்திருந்தது. ஃபேன் தலையாட்டும்போதெல்லாம் மவுஸ் நகர்கிறது. மவுஸ் நகர்ந்தால் யாரோ வேலை செய்வதாகக் கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும். பூட்டவே பூட்டாது. சமவெளியில் எவளாவது இதைச் செய்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. மாட்டிக்கொண்டது இந்தக் குளிரால்தான்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் நூலைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு நேராக மேனேஜர் அறைக்குப் போனேன். அவளுக்கு மெமோ கொடுத்தே ஆக வேண்டும் என்று குதித்தேன். மனிதர் நூலைக் கையில் வாங்கிப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தார். குல்லாய் கழன்று விழுகிற வரைக்கும் சிரித்தார். பிறகு சொன்னார்: "புள்ளைக்கு எவ்வளவு மூளை பாருங்க! அந்த மூளை நம்ம பக்கம் வரோணும்ல? இந்தச் சனிக்கெழம நீங்க அவ சீட்டுல உக்காருங்க. உக்காந்து பாத்துட்டு, அப்பவும் திட்டோணும்னு தோணுச்சுன்னா நானும் கூட வந்து திட்டறேன்."

சனிக்கிழமை உட்கார்ந்தேன். அம்மாடி! ஒரு பக்கம் போன் அடிக்கிறது. இன்னொரு பக்கம் வெந்நீர் வரவில்லை என்று ஒருவர். குரங்கு பிஸ்கட் பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டது என்று அழுகிற குழந்தை. வந்தவர்களுக்குச் சாவி எடுக்க, பெட்டிக்கு ஆள் கூப்பிட என்று எழுந்து திரும்புவதற்குள் திரை கறுத்துப்போய் நிற்கிறது. குளிரில் விரல் மரக்கட்டை. நான் வைத்த கடவுச்சொல்லோ, பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறியீடு என்று ஒரு முழ நீளம். மதியச் சாப்பாட்டுக்கு எழுந்தபோது எனக்கே அந்த ஃபேனைத் தேடிக் கை போனது.

திட்டவில்லை. மேனேஜரிடம் போய், கழுத்தில் தொங்குகிற அட்டை ஒன்றைக் காட்டினால் திறக்கிற கருவி வேண்டும் என்று கேட்டேன். கேட்டதும் வாங்கிக் கொடுத்தார். பூட்டு அதே இரண்டு நிமிடம்தான். ஆனால் திறப்பது ஒரு நொடி வேலை ஆயிற்று. குனிந்து அட்டையைக் காட்டினால் போதும், விரலே வேண்டாம். மாதேஸ்வரி அன்றைக்கே ஃபேனைத் துடைத்து ஸ்டோரில் கொண்டுபோய்ப் போட்டாள். பிள்ளைகளே, உங்களுக்கு நான் சொல்லக்கூடிய தொழில் ரகசியம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். பூட்டுவதில் விட்டுக்கொடுக்காதீர்கள்; உரியவர் திறப்பதை மட்டும் சுலபமாக்கிவிடுங்கள். ஆட்கள் ஏமாற்ற ஆரம்பித்தால், அவர்களைப் பிடிப்பதற்கு முன்னால் அவர்கள் நாற்காலியில் ஒருநாள் உட்கார்ந்துவிடுங்கள்.

டாக்ஸிக்காரர்களுக்கும் வழி செய்தோம். வண்டி வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு மட்டும், எத்தனை மணிக்கு, எந்த ஊருக்கு என்று வாசல் பலகையில் எழுதிப் போட்டோம். பேரும் இல்லை, அறை எண்ணும் இல்லை. பெரும்பாலானவர்கள் பழகிக்கொண்டார்கள். கோவிந்தண்ணன் மட்டும் பழகவில்லை. வெகுகாலமாக நம் வாசலில் வண்டி நிறுத்துகிறவர். செம்மநத்தத்துக்காரர். பழைய ஞாபகத்தில் கவுண்டர் பலகையைத் தூக்கிவிட்டு உள்ளே வந்து, கறுத்த திரையைப் பார்த்து, மாதேஸ்வரியின் கழுத்து அட்டையைப் பார்த்து, "கன்னுக்குட்டிக்கு மணி கட்டியாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

மேனேஜர் இன்னொரு பழக்கத்தையும் எங்களுக்கு ஏற்படுத்தினார். இன்னார் இங்கே தங்கியிருக்கிறாரா என்று யார் கேட்டாலும், இருக்கிறார் என்றும் சொல்லக் கூடாது, இல்லை என்றும் சொல்லக் கூடாது. "சேதி இருந்தாச் சொல்லுங்க, அப்படி ஒருத்தர் இருந்தாப் போய்ச் சேரும்" என்று மட்டும் சொல்ல வேண்டும். எனக்கு இது வீம்பாகத் தோன்றியது. இல்லாதவரை இல்லை என்று சொன்னால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்டேன். "இல்லாதவங்களுக்கு இல்லைனு சொல்லிட்டு, இருக்கறவங்களுக்கு மட்டும் சொல்ல மாட்டேன்னா, அதுவே காட்டிக் குடுக்கறதுதானுங்களே" என்றார்.

இனி சொல்லப்போவதுதான் நான் எழுத உட்கார்ந்ததற்கே காரணம்.

சேர்வராயன் கோயில் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. மேலே மலையுச்சிக் குகைக் கோயிலில் திருவிழா என்றால், அதற்கு முன்பே கோயில்காரர்கள் கடை கடையாக, விடுதி விடுதியாகத் தகர உண்டியல் வைத்துவிட்டுப் போவார்கள். மஞ்சள் துணி சுற்றி, பூட்டுப் போட்டு, சாவியை அவர்களே கொண்டுபோய்விடுவார்கள். நம் கவுண்டர் மேலும் ஒன்று இருந்தது. அன்று மதியம் கோடைமழை பெய்து ஓய்ந்து, வாசலே தெரியாதபடி மூட்டம். மேனேஜர் வேலையாகச் சேலம் போயிருந்தார். நான் ரிசப்ஷனுக்குப் பின்னால் பிரின்டரைக் குடைந்துகொண்டிருந்தேன்.

கோவிந்தண்ணன் உள்ளே வந்தார். பின்னால் நாலு ஆண்கள். முன்னால் வந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும், வெள்ளை வேட்டி சட்டை, கண்ணெல்லாம் சிவந்திருந்தது. போனில் ஒரு பெண்ணின் படத்தைக் காட்டினார்.

"ஏனுங்க, இது எங்கண்ணன் மக. ஊட்ல சொல்லாமக் கொள்ளாம ஒரு பையனோட வந்துருச்சுங்க. அதையெல்லாம் நாங்க பெருசு பண்ணலீங்க. அவங்கம்மாளுக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரில கெடக்குதுங்க. மகளப் பாக்கோணும்னு பொலம்புது. பாப்பா இங்க இருக்குதுங்களா?"

சொல்லும்போதே குரல் உடைந்தது. கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டார். என் அம்மாவும் ஆஸ்பத்திரியில்தான் போனாள். நான் போய்ச் சேருவதற்குள் போய்விட்டாள்.

மாதேஸ்வரி அப்போதுதான் மாடியில் ஒரு சாவியைக் கொடுத்துவிட்டு இறங்கி வந்தாள். திரை பூட்டியிருந்தது. படத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "சேதி சொல்லுங்க. அப்படி ஒருத்தங்க இருந்தாப் போய்ச் சேருமுங்க" என்றாள்.

கோவிந்தண்ணனுக்கு இது தாங்கவில்லை. "என்ன புள்ள, தாயி உசுருக்குப் போராடிக்கிட்டிருக்குது, சட்டம் பேசற! நான் கூட்டியாந்திருக்கறேன். நான் பாத்துச் சொல்றேன்" என்று பலகையைத் தூக்கிக்கொண்டு எப்போதும்போல உள்ளே வந்தார். மவுஸை ஆட்டினார். திரை அட்டையைக் கேட்டது. "தொற, சாமி" என்றார் அவளிடம், கெஞ்சலாக.

"மாட்டனுங்கண்ணா."

உடனே என் பக்கம் திரும்பினார். "அக்கா, நீங்களாவது சொல்லுங்க. உங்க கார்டுக்கு எல்லாமே தொறக்குமில்ல?"

திறக்கும். இந்த விடுதியில் என் அட்டைக்குத் திறக்காத திரை கிடையாது. அது என் ஸ்வெட்டர் பையில்தான் இருந்தது. கை பைக்குள் போய்விட்டது, அட்டையைத் தொட்டுவிட்டது. ஒரு தாய் சாகக் கிடக்கிறாள், ஒரு விதிக்காக மகளைப் பார்க்க விடாமல் செய்கிறோமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கூடவே, ஒருவேளை இவர் சொல்வது பொய்யாக இருந்தால் என்றும் ஓடியது. சேதி உண்மை என்றால், அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் அந்தப் பெண்ணே இறங்கி வருவாள், கொஞ்ச நேரம்தான் தாமதமாகும். பொய் என்றால், நான் திறந்துவிட்டதைத் திரும்ப மூட முடியாது. அட்டையை விட்டுவிட்டுக் கையை வெளியே எடுத்தேன்.

"சேதியும் போன் நம்பரும் குடுத்துட்டு உக்காருங்க. டீ சொல்றேன்" என்றேன்.

அந்த மனிதரின் அழுகை குழாயைத் திருகி நிறுத்தியதுபோல நின்றது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். கோவிந்தண்ணனிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்: "இந்த ஓட்டலுக்குப் பொறத்தாண்ட வழி இருக்குதா?"

கோவிந்தண்ணன் அவரையே பார்த்தார். "எதுக்குங்க?"

"இருக்குதா, இல்லியா? ஒரு ஆளை அங்க நிறுத்தோணும்."

நெஞ்சுவலிச் சேதி சொல்ல வந்தவர் பின்வாசலுக்கு ஏன் ஆள் போட வேண்டும்? கோவிந்தண்ணன் மவுஸிலிருந்து கையை எடுத்தார்.

அதற்குள் கூட வந்தவர்களில் ஒருவன், தடித்த ஆள், பலகையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டான். "கழுத்துல கெடக்குதே அந்தக் கார்டுதான?" என்று மாதேஸ்வரியை நோக்கிக் கை நீட்டினான். அவள் பின்னால் ஓர் அடி போனாள். சுவர். அட்டையைக் கழுத்திலிருந்து உருவினாள்.

அவள் அட்டையைப் பட்டையோடு சேர்த்து மடித்துச் சேர்வராயன் உண்டியலுக்குள் போட்டுவிட்டாள்.

தகரத்தில் 'டங்' என்று விழுந்தது. எல்லோரும் உண்டியலைப் பார்த்தோம். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அன்றைக்கு எங்கிருந்துதான் புத்தி வந்ததோ! ஸ்வெட்டர் பையிலிருந்து என் அட்டையை எடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டேன். நானும் போட்டேன்.

"காணிக்கை போட்டாச்சுங்க" என்றாள் மாதேஸ்வரி. "சாவி கோயில்காரங்ககிட்ட இருக்குது. இனி நானே நெனச்சாலும் தொறக்க முடியாதுங்க."

தடியன் உண்டியலைத் தூக்கப் போனான். கோவிந்தண்ணன் அவன் மணிக்கட்டைப் பிடித்த பிடியை நான் மறக்கவே மாட்டேன். "அது சாமி சொத்து. அதுல கை வெச்சீன்னா நீ மலையெறங்கிப் போயிருவியா? நான் உன்ற வண்டிக்கு முன்னால படுத்துக்குவேன். பத்து ஊர்க்காரன் வந்து படுத்துக்குவான்." சத்தம் கேட்டுத் தோட்டக்காரர்கள், சமையல்காரர்கள், வாசலில் நின்ற டிரைவர்கள் எல்லோரும் உள்ளே வந்துவிட்டார்கள். நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பேசாமல் வெளியே போய்க் காரில் உட்கார்ந்தார்கள். கார் போகவில்லை, கேட்டுக்கு எதிரிலேயே நின்றது.

நான் போலீசுக்குப் போன் செய்தேன், பிறகு மேனேஜருக்கு. மாதேஸ்வரி தோளில் நாலு துண்டைப் போட்டுக்கொண்டு, ஏதோ அறைக்குத் துண்டு மாற்றப் போகிறவள் மாதிரி மாடிக்குப் போனாள். அந்த இரண்டு பேரும் நம் விடுதியில்தான் இருந்தார்கள். காலையில் அவர்களுக்கு அறை கொடுத்தவளே அவள்தான். படத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. சேதியை அப்படியே சொன்னாள். உங்கள் சித்தப்பா என்று ஒருவர் வந்திருக்கிறார், அம்மாவுக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரியில் இருப்பதாகச் சொல்கிறார், போவதும் போகாததும் உங்கள் இஷ்டம் என்றாள்.

அந்தப் பெண் சொன்னாளாம்: "அம்மாளுக்கு ஒண்ணுமில்லீங்க. பக்கத்து ஊட்டுப் போன்லருந்து இப்பத்தான் பேசுச்சு. சித்தப்பன் ஆளுகளோட கெளம்பிட்டான், கண்ணுல பட்டா உங்களை உசுரோட விட மாட்டான், எங்காச்சும் போயிருங்கன்னு அழுதுச்சுங்க." மூட்டத்தில் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

மாதேஸ்வரி இறங்கி வந்து இதைச் சொன்னபோது கோவிந்தண்ணன் கவுண்டருக்கு வெளியே, தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "பழைய மாதிரி இருந்திருந்தா நானே ரூம் நம்பரப் பாத்து, நானே கூட்டிக்கிட்டுப் போய்க் கதவைத் தட்டியிருப்பனுங்களே அக்கா. டாக்ஸிக்காரன்னு சொன்னா அந்தப் புள்ள தொறந்தும் இருக்குமே" என்றார். அவர்மேல் எனக்கு அன்றும் கோபம் இல்லை, இன்றும் இல்லை. அவர் உதவி செய்யத்தான் வந்தார். கெட்டவன் மட்டும்தான் திரையைப் பார்ப்பான் என்று எண்ணிக்கொண்டு காவல் போடாதீர்கள். கெட்டவனுக்கு நல்லவர்கள்தான் வழிகாட்டிக்கொண்டு வருகிறார்கள், அதுவும் அழுகிற குரலைக் கேட்டு மனசு இளகி.

போலீஸ் வந்தது. காரில் இருந்தவர்களைத் தனியாகக் கூட்டிப் போனார்கள். மேனேஜரும் சேலத்திலிருந்து அடித்துப்பிடித்து வந்து சேர்ந்தார். நாங்கள் இரண்டு பேரும் அட்டையை உண்டியலில் போட்ட கதையைக் கேட்டுவிட்டு அவர் சிரிக்கவில்லை. உண்டியலைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு எங்கள் இருவரையும் பார்த்து அதேமாதிரி கும்பிட்டார். எனக்குக் கூச்சமாகப் போயிற்று. முதலாளியிடம் அவரே பேசிக்கொண்டார். கவுண்டரில் நடந்த ரகளைக்கு எங்களை ஒரு வார்த்தை கேட்கவிடவில்லை. புது அட்டைகள் வருகிற வரைக்கும் ரிசப்ஷன் பேனாவும் காகிதமுமாக ஓடியது. அந்தப் பழைய அட்டைகளை நான் ரத்து செய்கிற வரை நம் கம்ப்யூட்டர் முழுவதையும் திறந்து பார்க்கிற அதிகாரம் சேர்வராயனுக்குத்தான் இருந்தது.

அந்த இரண்டு பேரையும் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோக மகளிர் போலீசார் ஜீப்பை வாசலுக்கே கொண்டுவந்தார்கள். பையன் முதலில் இறங்கி வந்தான். சின்னப் பையன்தான், கையில் ஒரு பை. அவள் பின்னால் வந்தாள். ஜீப்பில் ஏறப் போனவள் திரும்பிக் கவுண்டருக்கு வந்தாள். நடந்ததையெல்லாம் போலீஸ்காரம்மா சொல்லியிருப்பார் போலிருக்கிறது. கறுத்துக் கிடந்த திரையைப் பார்த்தாள். மாதேஸ்வரியைப் பார்த்தாள்.

"எங்க ஊட்ல என் ரூமுக்குத் தாப்பா கெடையாதுங்க, கழட்டிட்டாங்க" என்றாள். "போனுக்கும் பூட்டுப் போடக் கூடாது. யாரு வேணும்னாலும் எடுத்துப் பாப்பாங்க. எனக்காக ஒருத்தங்க ஒண்ணப் பூட்டி வெச்சது இதுதானுங்கக்கா மொதத் தடவ."

மாதேஸ்வரி கவுண்டர் பலகையைத் தூக்கிவிட்டு வெளியே ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். நான் பிரின்டர் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.